மூடியில் விழுந்த பள்ளம்

திருவொற்றியூரில், பெயின்ட் டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம், தகரத்தை அச்சில் அழுத்தி மூடியாக்கும் பிரஸ் பிரிவுக்கு மேலாளர். எனக்குக் கீழே இருபத்து மூன்று பேர்.

பழைய மெஷினில் அடித்த மூடி அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். ஒரே ஷிப்டில் நாற்பத்தொரு தடவை நிறுத்தியதை எண்ணியிருக்கிறேன். ராயபுரத்திலிருந்து வந்த ஆபரேட்டர் ஒருவர் சைக்கிள் டியூபை வெட்டி, ஒரு ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினார். மூடி தானாகத் துள்ளி விழுந்தது. அன்று ஆறே தடவைதான் நிறுத்தினார்கள்; அதையும் எண்ணினேன். ஆனால் மறுநாள் தலைமை அலுவலகத்து ஆட்கள் வருவதாக இருந்தது. டியூப் தொங்குவதைப் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று பயம்.

“என்னய்யா இது, டகால்டி வேலை? கழட்டு!” என்றேன்.

பக்கத்தில் நின்ற பதினோரு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் கழற்றினார்.

“இன்னா டகால்டி மாமு, டீக்கு வர்றியா?” என்று ஒருவன் கூப்பிட்டான். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

பிறகு புது மெஷின் வந்தது. ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் நூறு மூடிக்குப் பதினேழு நடுவில் பள்ளம் விழுந்து வந்தன. வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் பிரிவையே மூடுவதாக நிர்வாகம் சொன்னது. மெஷின் விற்றவர்கள் நான்கு தடவை வந்து பார்த்தும் பிடிபடவில்லை. எல்லோரையும் கூட்டி யோசனை கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. டியூப் கட்டிய ஆபரேட்டரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூடிவிட்டார்கள். கடைசி நாள் லாக்கர் சாவியைக் கொடுக்க வந்தபோது அவர் சொன்னார்:

“அச்சுல காத்து போற ஓட்டை அடைச்சிக்கினு கீது சார். காத்து உள்ளயே மாட்டிக்கினு மூடிய அமுக்குது. ஊசி வுட்டுக் குத்துனா போதும்.”

“கூட்டத்துல கேட்டேனே, ஏன்யா சொல்லலை?”

“சொல்லி? இன்னொரு தபா எல்லாரும் சிரிக்கிறதுக்கா?” சாவியை மேசைமேல் வைத்தார். “மெய்யாலுமே இழுத்து மூடுவாங்கன்னு நெனைக்கல சார். வூட்ல மூணு பசங்க கீது.”

அவர் போனதும் கடையில் ஒரு கோணி ஊசி வாங்கி வந்தேன். அச்சில் எட்டு ஓட்டைகள். ஐந்திலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாகத் திரண்டு வந்தது. மெஷினுக்கு மின்சாரத்தைக் காலையிலேயே துண்டித்திருந்தார்கள். ஒரே ஒரு மூடி அடித்துப் பார்க்கக்கூட வழியில்லை.