அரைக்கட்டை இறக்கம்

கழுத்துக் கட்டியை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் பேச்சில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்காரரை வைவதற்குப் பழைய சத்தம் அப்படியே இருந்தது. பாட்டுதான் மேலே ஏறவில்லை. உச்சியில் போய் நிற்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் குரல் வெறும் காற்றாகப் போனது. டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். சொல்லிவிட்டால் வயிற்றெரிச்சல் ஆறிவிடுமா?

கோவில்பட்டியில் எங்கள் இன்னிசைக் குழுவுக்கு நான் பாடகி, அவர் எலக்ட்ரிக் கிட்டார். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடும் குழுக்களுக்குள் ஒரு கௌரவம் உண்டு. ரெக்கார்டில் என்ன சுருதியோ அதிலேயே மேடையிலும் பாட வேண்டும். வேறொரு குழுப் பாடகி சுருதியை இறக்கிப் பாடினாள் என்று கேள்விப்பட்டபோது நான் சும்மா இருக்கவில்லை. “அப்படிப் பாடுததுக்கு நான் வீட்டுல பாத்திரம் விளக்கிட்டுக் கெடப்பேன்” என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். என் வாய் அப்படி.

ஆப்பரேஷனுக்குப் பிறகு முதல் கச்சேரி ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கொடைக்கு. உச்சிக்கு ஏறும் ஒரு பாட்டுக்குத்தான் எனக்குப் பேர், அதைக் கட்டாயம் கேட்பார்கள். அதை நினைத்தே பயந்துகொண்டிருந்தேன்.

முந்தின நாள் மத்தியானம் அவர் கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கிட்டாரில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் அசையாமல் இருக்காது, மிதக்கும். முன்பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கும். பின்பக்கக் குழியில் மூன்று ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கும். இரண்டுக்கும் நடுவே தராசு முள் மாதிரி நிற்கும். அதில் செருகிய கைப்பிடியை அழுத்தினால் சுரம் நடுங்கும். ஆனால் ஒரு கம்பியைத் திருகினால் மற்ற ஐந்தும் கோணிக்கொள்ளும்.

“இந்த ஆடுத சனியனை ஒரேயடியா இறுக்கி வச்சா என்னங்க?” என்று கேட்டேன்.

“இறுக்குனா அந்த நடுக்கம் போயிரும்லா. கம்பியோட இழுவை கொறைஞ்சா ஸ்பிரிங்கையும் கொறைக்கணும்.”

“கம்பி எதுக்குக் கொறையுது?”

“பழைய கம்பி...” என்று இழுத்தார். அவருக்குப் பொய் வராது. நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும், என் பயத்தில் விட்டுவிட்டேன்.

தீப்பெட்டி அட்டையை மடித்துப் பிரிட்ஜின் வாலுக்கு அடியில் செருகினார். எங்கள் ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்! சுருதி காட்டும் டியூனரைக் கிட்டாரின் தலையில் மாட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், ஒவ்வொரு கம்பியாகத் திருகினார். பிறகு கிட்டாரை மடியில் ஒருக்களித்து வைத்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். இழுவை சமமானதும் அட்டை பிடிவிட்டுத் தலையணையில் விழுந்தது.

“ஏட்டி, விழுந்துட்டு, விழுந்துட்டு!” என்று கூவினார்.

“அட்டை விழுந்ததுக்கு ஒரு மனுசனுக்கு இம்புட்டு சந்தோஷமா?” என்று சிரித்தேன். பல நாள் கழித்துச் சிரித்த சிரிப்பு அது.

கொடையில் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். உச்சி வந்தது. குரல் ஏறியது, ஏறின இடத்தில் நின்றது. ஆத்தாடி, எனக்குப் போன உயிர் திரும்பிவிட்டது! முன்வரிசையில் ஒரு அண்ணாச்சி துண்டைச் சுழற்றினார், பின்னால் விசில் பறந்தது. என் வீட்டுக்காரர் கிட்டாரின் கைப்பிடியை அழுத்தி விட்டார். சுரம் நடுங்கி, இம்மி பிசகாமல் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

தண்ணீர் குடிக்கலாம் என்று கீபோர்டுக்குப் பின்னால் போனேன். பாட்டிலை எடுக்கக் குனிந்தபோது கீபோர்டின் சின்னத் திரையில் மைனஸ் ஒன்று என்று இருந்தது. மொத்தச் சுருதியையும் அரைக்கட்டை இறக்குவதற்கு அதில் ஒரு பட்டன் போதும். கிட்டாருக்கு அப்படிப் பட்டன் கிடையாது. அதற்காகத்தான் அவர் ஒரு மத்தியானம் முழுக்கக் கட்டிலில் கிடந்து பாடுபட்டிருக்கிறார்.

மிச்சப் பாட்டுகளையும் பாடி முடித்தேன். வேனில் அவர் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் காப்பியைக் கொண்டுபோய் டங்கென்று வைத்துவிட்டுக் கேட்டேன்.

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா நீ மேடையேறிருப்பியா? பாத்திரம் விளக்கப் போயிருவேன்னு நீதான சொன்ன.”

“அப்ப இனிமே இந்தச் சுருதிதானா?” என்றேன். இல்லை, கொஞ்ச நாளைக்குத்தான், குரல் வந்துவிடும் என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன்.

அவர் எழுந்துபோய்க் கிட்டார் பையைத் திறந்தார். “இதுவும் ஏறலைன்னா இன்னும் அரைக்கட்டை இறக்கிருவோம். ஆனா இந்தக் கம்பி தொளதொளன்னு போயிரும். அதான் தடிச்ச கம்பியா வாங்கி வச்சிருக்கேன், பாரு” என்று பிரிக்காத பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். அட்டை விழுந்தபோது இருந்த அதே சந்தோஷம் முகத்தில். குரல் திரும்பிவிடும் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

நல்ல கம்பிதான். இப்போது அதுதான் கிட்டாரில் இருக்கிறது. அந்தப் பாட்டை அதன் சொந்தச் சுருதியில் கடைசியாக எந்த ஊர்க் கொடையில் பாடினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. கடைசித் தடவை என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் கவனித்துப் பாடியிருப்பேன்.