ஸ்டாண்டு போடாமல் எடுத்த படம்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் சிவகாசியில் ஒரு கல்யாண வீட்டில், படம் எடுக்க வந்திருந்த இளைஞனைப் பந்தியிலிருந்து எழுந்துபோய் வழிமறித்து, கேமராவை ஆடாமல் பிடிப்பது எப்படி என்று கால்மணி நேரம் வகுப்பு நடத்தினேன். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டு, காலை அகட்டி நில், மூச்சைப் பாதி விட்டு நிறுத்து, பொத்தானைக் குத்தாதே, அமுக்கு என்றெல்லாம். என் கையில் பாயசத் தம்ளர் இருந்தது. வகுப்பு முடிந்தபோது தம்ளரில் பாதிதான் மிச்சம். மீதி அவன் சட்டையில். "சார் போட்டோகிராபரா இருந்தீகளோ?" என்று துடைத்துக்கொண்டே கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். "ரெண்டு வருஷம்" என்றேன். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு பெண்ணின் முகத்தை அழித்த கதையைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம், உங்கள் சட்டை தூரத்தில் இருக்கிறது.

அந்தப் பையன் கேமரா உறையைத் திறந்தபோது வந்த தோல் வாசனைதான் இத்தனைக்கும் காரணம். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோ விருதுநகர் பஜாரில், மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கிக்கு மாடியில் இருந்தது. தோல் வாசனை, இருட்டறையில் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாசனை, இரண்டையும் தூக்கி விழுங்கும் மிளகாய் நெடி. குடும்பப் படத்துக்கு இரண்டு விநாடி மூச்சைப் பிடிக்கச் சொன்னால், சரியாக ஒன்றரையாவது விநாடியில் யாராவது தும்முவார்கள். இரண்டு மூக்கோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் போன குடும்பத் தலைவர்கள் அந்த ஊரில் சிலர் உண்டு.

ஸ்டுடியோ முதலாளியை அண்ணாச்சி என்போம். அவருக்கு என் திறமையைப் பற்றித் திடமான அபிப்பிராயம் இருந்தது. "ஏலே, படம் எடுக்கது நீ இல்ல. ஸ்டாண்டு எடுக்குது. நீ அதச் சுமக்குத களுத."

ஸ்டாண்டு என்பது தேக்கில் செய்த முக்காலி. மூன்று காலிலும் இரும்புக் கூர். அதைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால், "வாய்க்கா வெட்ட அளக்க வந்தீகளா?" என்று கேட்பார்கள். எனக்கோ சுருட்டை முடி, இருபத்திரண்டு வயது. கழுதையாக இருக்க மனசில்லை. ஆகையால் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் கையிலேயே எடுத்தேன். கொத்தமல்லி மூட்டை மேல் கேமராவை வைத்து எடுப்பேன், தூணில் சாய்ந்து எடுப்பேன். எல்லாம் பளிச்சென்று வந்தன. கொளுத்தும் வெயிலில் ஷட்டர் அத்தனை வேகமாகத் திறந்து மூடும். நடுக்குவாதக்காரன் எடுத்தாலும் தெளிவாகத்தான் வரும். விருதுநகர் வெயிலின் கைங்கரியத்தை என் கையின் திடம் என்று நினைத்துக்கொண்டேன்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் படம் எடுக்கப் போனேன். முதலில் முதலாளி குடும்பம். ஆபீஸ் வாசலில், ஸ்டாண்டு போட்டு, நல்ல வெளிச்சத்தில். அந்தப் படத்தில் முதலாளியின் காதுமயிரைக்கூட எண்ணலாம். பூஜை முடிந்து வேலைக்காரர்களின் முறை வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர்களை எடுக்க வேண்டியது உள்ளே, வேலை நடக்கும் கொட்டகைக்கு முன்னால். வெடிமருந்து இருக்கும் இடம், பிளாஷ் பல்பு போட்டு எடுக்கும் பேச்சே அங்கே கிடையாது. போர்மேன் ஸ்டாண்டைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தார்.

"இரும்புக் காலோட உள்ள வராதீக தம்பி. கல்லுல ஒரசுனா பொறி வந்துரும். சாக்குத் தாரேன், மூணு காலுக்கும் சுத்திக் கட்டிட்டு வாங்க."

நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, முக்காலிக்குச் சாக்குச் செருப்பு மாட்டுவதா? "சாக்கெல்லாம் எதுக்கு? கையிலயே எடுத்துருவேன்" என்றேன்.

முன்வரிசையில் பேச்சி என்று ஒரு பெண். பதினெட்டு வயது இருக்கும். கழுவியும் போகாத அலுமினியப் பொடி காதோரம் மினுங்கியது. அதற்கு மேல் முகப்பவுடர்.

"ஏண்ணே, மூஞ்சி தெளிவாத் தெரியுமா?"

"தெரியும்."

"பவுடரு போட்ருக்கேன். அதுவும் தெரியணும்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "ஏ பேச்சி, ஒன் மூஞ்சியில பவுடரு மட்டுந்தான் தெரியும்" என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "மூச்சைப் பிடிங்க" என்றேன். நாற்பது பேரும் பிடித்தார்கள். அவர்கள் ஆடவில்லை. வெடிமருந்து அடைக்கிறவர்களுக்கு ஆடாமல் இருப்பதுதான் பிழைப்பு. அந்த மங்கல் வெளிச்சத்துக்கு ஷட்டர் மெதுவாகத் திறந்து, ஆற அமர மூடியது. அதற்குள் என் கை ஆடியது. எனக்கே அது தெரிந்தது. பிலிமில் இன்னும் இரண்டு படம் எடுக்க இடமிருந்தது. "அம்புட்டுத்தான், போகலாம்" என்றேன்.

கம்பெனி கேட்டது முதலாளி குடும்பத்தின் படத்தை மட்டும். மற்றதைக் கேட்பாரில்லை. அண்ணாச்சி நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உறைக்குள் போட்டார்.

மாசி மாதம் அந்தக் கொட்டகை வெடித்தது. செத்தவர்களில் பேச்சியும் ஒருத்தி. பெற்றவளிடம் மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த அம்மாள் ஸ்டுடியோ மாடிப்படி ஏறி வந்தாள். கூடவே இளைய மகள் சுப்பு, பத்து வயது இருக்கும்.

"எம் பிள்ளைய வேற யாரும் படம் பிடிக்கலய்யா. ஆயுத பூசைக்கு நீங்க எடுத்தீகளாம்ல. அவ மூஞ்சிய மட்டும் பெருசாக்கிக் குடுங்க. எனக்கு மூஞ்சி மறந்துகிட்டே வருது."

இருட்டறைக்குள் போனேன். கூட்டத்தில் மிளகு அளவு இருந்த முகத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி, தாளை மருந்துத் தட்டில் போட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் மெல்ல எழுந்து வந்தது: நான்கு கண், இரண்டு வாய், நடுவில் சாம்பல் மெழுகியதுபோல ஏதோ ஒன்று. பவுடர் மட்டும் தெரிந்தது. இன்னொரு தாள், இன்னொரு தாள் என்று போட்டுப் பார்த்தேன். பிலிமில் இல்லாத முகம் தாளில் எப்படி வரும்? அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "நீ எடுத்ததுதான? நீயே கொண்டுபோய்க் குடு" என்று திரை போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெரிதாக்கிய முகத்தை அம்மாளிடம் கொடுத்தேன். முழுப் படத்தைச் சுப்பு வாங்கிக்கொண்டாள். அம்மாள் தாளைத் திருப்பினாள், தலைகீழாகப் பிடித்தாள், மறுபடி நேராக்கினாள்.

"இது யாருய்யா?"

"ஒங்க மகதாம்மா. எடுக்கையில ஆடிட்டா."

அன்றைக்கு என்னிடமிருந்து ஆடாமல் வந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அவள் என்னை நம்பினாள். கை ஓங்கித் தாளிலே அறைந்தாள். "அடி சண்டாளி! ஒரு நொடி ஒழுங்கா நிக்கக் கூடாதா? நிக்கச் சொன்ன எடத்துல என்னைக்குடி நின்ன?" படியிறங்கும்போதும் வைதாள். வத்தல் நெடியில் இருமி இருமி, தெருமுனை திரும்பும்வரை செத்தவளை வைதுகொண்டே போனாள். நான் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் அந்தத் தொழிலை விட்டு ஒரு ஆபீசில் குமாஸ்தா ஆனேன். அங்கே நடுங்கும் கையெழுத்தை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. கிட்டங்கி இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. மாடியில் சேலை மடிக்கிறார்கள், யாரும் தும்முவதில்லை. அண்ணாச்சி போனபின் அவர் பிள்ளைகள் நெகட்டிவ்களை எல்லாம் மூட்டைகட்டி, பிலிமில் இருக்கும் வெள்ளியை உருக்கி எடுக்கிற ஒருவனுக்குப் போட்டுவிட்டார்களாம். பேச்சியின் நாலு கண்ணும் அதோடு உருகியிருக்கும். மூச்சைப் பிடிக்கச் சொல்வதும் ஒழிந்தது. கல்யாண வீட்டில் அந்தப் பையன், பேசிக்கொண்டிருப்பவர்களை, மென்றுகொண்டிருப்பவர்களை எல்லாம் பளிச் பளிச்சென்று எடுத்துத் தள்ளினான். எல்லாருக்கும் அளவாக இரண்டு கண்தான் வந்திருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்பு திருத்தங்கலில் பஸ்ஸுக்கு நின்றபோது, நடுவயதுப் பெண் ஒருத்தி என்னைப் பேர் சொல்லி விசாரித்தாள். சுப்பு. லேபிள் அடிக்கிற அச்சாபீசில், கலர் மேலுக்கு மேல் சரியாக விழாமல் விலகிய தாளைக் கழித்துப்போடும் வேலையாம். அம்மா இறந்துவிட்டாளாம்.

"சாகுற வரைக்கும் அந்தப் படத்த வச்சு அம்மா அக்காவ வைஞ்சிச்சுண்ணே. 'நிக்க மாட்டாளே, நிக்க மாட்டாளே'ன்னு."

எத்தனையோ வருஷமாக எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துவைத்திருந்ததை அந்தப் பஸ் ஸ்டாப்பில் கொட்டினேன். அக்கா ஆடவில்லை, ஆடியது என் கை, உங்கள் அம்மாவிடம் நான் பொய் சொன்னேன் என்று. கண்ணீர்கூட வந்தது என்று நினைக்கிறேன்.

சுப்பு பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னைக்கே தெரியும்ணே. அக்கா ஆடியிருந்தா அக்கா மட்டுந்தான ஆடியிருக்கணும்? பின்னால செவுத்துல 'தீப்பெட்டி கொண்டுவராதே'ன்னு எழுதியிருந்ததும்ல ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சிச்சு."