விடுதிக்குப் போன சுமைதாங்கிக் கல்

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானதும் முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை சவுக்குத் தோப்புகளை வெட்டி விடுதிகள் கட்டினார்கள். அவற்றில் பல சுவர்கள் நான் எழுப்பியவை. ஒன்றுகூட எனக்குப் பிடிக்காது. கொத்தனாரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் எதிரில் வாயைத் திறந்தால் எனக்கு வேர்த்துவிடும்.

முட்டுக்காட்டுக்குத் தெற்கே ஒரு விடுதி. அதற்குக் கட்டடப் படம் போட்டவர் சென்னையிலிருந்து வரும் ஒரு அம்மா. காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டிலிருந்து தேக்குத் தூண்கள் வந்தன. மேலே கேரளத்து ஓடு, சுவருக்குப் புதுச்சேரி மஞ்சள், வாசலில் மாமல்லபுரத்தில் கொத்திய யானை. எங்கே எவன் வீடு இடிந்தாலும் அதில் ஒரு துண்டு இங்கே வந்து நின்றது. இதற்கு இந்த மண்ணின் புது டிசைன் என்று பெயர். இந்த மண்ணில் பிறந்த நாங்கள் கீற்றுக் குடிசையை விட்டுக் காங்கிரீட் வீட்டுக்குப் போக நாய் படாத பாடு பட்டோம். அங்கே காங்கிரீட்டின் மேல் கீற்று வேயச் சொன்னார்கள்.

ஒருநாள் லாரியிலிருந்து மூன்று கற்கள் இறங்கின. இரண்டு நெட்டுக்கல், அவற்றின் மேல் படுக்க வைக்க ஒரு பலகைக்கல். பார்த்ததும் தெரிந்துவிட்டது, சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப்போனால், அவள் இறக்காமல் போன சுமைக்காக வழியோரம் நடுகிற கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கை உதவியும் இல்லாமல் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். என் அக்கா எட்டாம் மாதத்தில் அப்படிச் செத்தவள். அவளுக்குக் கல் நட எங்களுக்கு வசதி இல்லை.

மேஸ்திரி எங்கள் ஊர்க்காரர்தான். "பாருக்கு முன்னாடி நிறுத்தணுமாம்பா. கிளாஸ் வெச்சிக் குடிக்க ஒயரம் கரெக்டா கீதாம்" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னா, குந்திட்ட?"

"செத்த பொம்பள கல்லு அண்ணாத்த. அது மேல சாராயம் வெக்கக் கூடாது."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அந்தம்மாகிட்ட சொல்லு. உனக்கு எங்க வாய் வரும். நிறுத்திட்டு நாஸ்தா துன்னப் போ."

அந்த ரோஷத்தில் அந்த அம்மா வந்ததும் எதிரில் போய் நின்று சொல்லிவிட்டேன். அக்காவைச் சொன்னேன். எங்கள் ஏரிக்கரையில் அம்மா விறகுக் கட்டை இறக்கி வைக்கும் கல்லைச் சொன்னேன். மேல்சாதித் தெருக்காரர்கள் நட்டது அது. அவர்கள் கிணற்றைத் தொட எங்களை விடமாட்டார்கள். அந்தக் கல்லை மட்டும் அம்மா தொட்டாள்.

அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கண் கலங்கியது. கல்லை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எவ்ளோ அழகான கதை. முதல்லயே சொல்லியிருக்கலாமே நீங்க" என்று நோட்டை எடுத்தார். "பித்தளைப் பலகைல எழுதி கவுண்டர்லயே மாட்டிடலாம். உங்க பாரத்த இறக்கி வெச்சுட்டு ஒரு கிளாஸ் எடுங்கன்னு. கெஸ்டுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவரிடம் எல்லா ஊர்ச் சாமானும் இருந்தது. கதை ஒன்றுதான் இல்லை. அதையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உங்கம்மா சுமை இறக்கின கல் இன்னும் இருக்கா? ரிசப்ஷனுக்கு ஒண்ணு தேவைப்படுது."

இருந்தது. மேஸ்திரியும் நானும் அன்று காலை அதைத் தாண்டித்தான் வந்தோம்.

"இல்லீங்க. ரோடு போடறப்போ ஒடச்சிட்டாங்க."

அந்த அம்மா காரில் ஏறும்வரை மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை. பிறகு, "ஊமை மாரி கீற, பொய்ய மட்டும் ஒயுங்கா சொல்றியே. நான் போய் சொல்லிட்டா இன்னா பண்ணுவ?" என்றார்.

நான் கடப்பாரையைக் கையில் எடுத்தேன். அவர் அதையும் என்னையும் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

அதன்பிறகு நான் குழி தோண்டினேன். யாரோ ஒருத்தியின் கல்லை, ரசமட்டம் வைத்து, ஒரு நூல்கூடப் பிசகாமல், பாருக்கு முன்னால் நிறுத்தினேன்.