நெற்றியில் இடமில்லாத நாள்

மாடிப்படி திரும்பும் இடத்தில் எல்சி நின்றுவிடுவாள். கைக்குட்டையை நாக்கில் தொட்டு நெற்றிக் குங்குமத்தைச் சுவடு தெரியாமல் துடைப்பாள். அப்புறம்தான் மேலே ஏறுவாள். மேலே மாமியார் பவுனம்மாள் இருக்கிறாள். கத்தோலிக்கக் கோயிலில் மாதா சபைத் தலைவி.

தை பிறந்துவிட்டால் புனே கட்கியில் அந்தக் குடியிருப்பு முழுக்க ஹல்தி-குங்குதான். வீட்டுக்கு வீடு சுமங்கலிகளைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் இட்டு எள்ளுருண்டை கொடுப்பார்கள். எல்லாருக்கும் எல்சி ‘வஹினி’, அதாவது அண்ணி. ஒரு வீட்டையும் விடமாட்டாள். ஓரிடத்தில் உட்காரவும் மாட்டாள். ஜெபமாலையைத் தமிழில் தொடங்குவாள். பால் பொங்கினால் மகளை மராத்தியில் அதட்டுவாள். விட்ட இடம் மறந்துபோய் மறுபடி முதல் மணிக்கு வருவாள்.

“அங்க போனா மராட்டிச்சி, கோயிலுக்கு வந்தா மாதா சபைக்காரி. நீ யாருடி?” என்பாள் பவுனம்மாள்.

“ரெண்டும்தான் அத்தே. உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?” வாய்தான் அப்படிச் சொல்லும். அடுத்த நாளும் படியில் கைக்குட்டை வெளியே வந்துவிடும். அது வெறுப்பில்லை, பயம். யார் வேண்டுமானாலும் வந்து மறுத்துப் பார்க்கட்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் கீழ்வீட்டு சுலோசனா அவள் துடைப்பதைப் பார்த்துவிட்டாள். எல்சியின் பிரசவத்தில் கஞ்சி காய்ச்சி ஊட்டியவள் அவள். “என் வீட்டுக் குங்குமம் உனக்கு அழுக்கா?” என்று மராத்தியில் கேட்டாள். அதோடு பேச்சு நின்றது.  எல்சி சுலோசனா வீட்டு வாசல்வரை போவாள், தட்டாமல் திரும்புவாள்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அந்த வருஷம் தை முடியுமுன்பே முந்திக்கொண்டது. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு எல்சி கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறாள், பின்னாலேயே குங்குமத் தட்டோடு சுலோசனா.

“நீ வரல்லே, நானே வந்துட்டேன் வஹினி. இட்டுக்குவியா, மாட்டியா? இன்னிக்கே சொல்லிடு.”

“நெத்தியில சாம்பல் இருக்குடி. அது மேல ஒண்ணும் படக்கூடாது,” என்றாள் பவுனம்மாள், உள்ளேயிருந்து.

குங்குமம் தொட்ட சுலோசனாவின் விரல் அந்தரத்தில் நின்றது. எல்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை இழுத்தாள். சிலுவை பொறித்த அந்தத் தாலியை, ஊரில் இந்துப் பெண்கள் தாலிக்குக் குங்குமம் இடும்போது செய்வதுபோல, உள்ளங்கையில் ஏந்தி அந்த விரலுக்கு நேரே நீட்டினாள்.