தலைக்கு வைத்த சாக்கு

இருபது வருடத்துக்கு முன்பு, பெரும்பாறை காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தோம். ஸ்டவ் வெடித்து என் மனைவியின் கழுத்து வெந்துபோனது; புண் ஆறியபோது தோல் சுருங்கி, தாடை நெஞ்சோடு ஒட்டிப்போனது. மதுரையில் தொடைத் தோலை எடுத்து வைத்துக் கழுத்தை நிமிர்த்தினார்கள்.

“ஆறு மாசம் கழுத்துப்பட்டையைக் கழட்டக் கூடாது. தலையணையும் ஆகாது. கழுத்து மடங்கினா வச்ச தோல் சுருங்கி மறுபடியும் இழுத்துடும்,” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அழுதாள். “கழுத்து தெறிச்சுப் போகுதுங்க.”

டாக்டருக்கென்ன, வலிப்பது அவருக்கா? நானே பட்டையைக் கழற்றிவிட்டு, காப்பிச் சாக்கை மடித்துத் தலைக்கு வைத்தேன். தினமும் வைத்தேன். நிம்மதியாகத் தூங்கினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் தாடை மறுபடியும் இறங்கிவிட்டது. இன்னொரு ஆபரேஷனுக்கு அவள் சம்மதிக்கவில்லை. “விடுங்க, பாசத்துலதான வச்சீங்க,” என்றாள்.

நான் நின்றால் அவளுக்கு என் கால்கள்தான் தெரியும். அதனால் தரையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத்தான் என்னால் முடிவதில்லை.