துக்க வீட்டில் வந்த சிரிப்பு

சங்கரன்கோவில் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்த துரைப்பாண்டி அழுது யாரும் பார்த்ததில்லை. அப்பா இறந்த மறுநாள், சாம்பல் கரைத்த கையோடு ஏலத்துக்கு வந்து நின்ற மனிதர்.

ஐம்பத்தாறாவது வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஏலம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கு குழறி, கையிலிருந்த பிச்சிப்பூ கொட்டிப்போனது. உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு ஓடியதால் பிழைத்தார். கை கால் மெல்லத் திரும்பியது. ஆனால் கூடவே ஒரு அழுகையும் வந்து சேர்ந்தது. டிவியில் சோப்பு விளம்பரம் ஓடினால் அழுவார். "எப்படி இருக்கிய அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டுவிட்டால் தேம்பித் தேம்பி அழுவார். சீக்கு வந்து மனசு இளகிவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லட்டி. கண்ணு அதுபாட்டுக்கு அழுவுது" என்பார் மனைவி முத்துமாரியம்மாளிடம். அவள் நம்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுந்தரராஜ் இறந்துபோனார். குருவிகுளம் பக்கம் மல்லிகை போட்டிருந்தவர். துரைப்பாண்டிக்குச் சந்தையில் இருந்த ஒரே சிநேகிதர். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு துரைப்பாண்டி துக்க வீட்டுக்குப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் சிநேகிதரின் முகத்தைப் பார்த்தார். அழத்தான் வாயைத் திறந்தார். வந்தது சிரிப்பு. உரத்த, அடக்க முடியாத சிரிப்பு.

ஒப்பாரி நின்றுபோனது. யாரோ அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். சுந்தரராஜின் மனைவி ஞானபூரணம் நிமிர்ந்து பார்த்த பார்வையை அவரால் மறக்க முடியவில்லை.

அடுத்த வாரமே முத்துமாரியம்மாள் அவரை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். இது தெரிந்த வியாதிதான் என்றார் டாக்டர். "அழுகைக்கும் சிரிப்புக்கும் கடிவாளம் போடுற பாதை மூளையில அடிபட்டிருக்கு. உள்ள என்ன நினைக்கீங்களோ, முகம் அதைக் கேக்காது. மாத்திரை தாரேன், கொஞ்ச நாள் ஆகும்."

துரைப்பாண்டி விடவில்லை. "சார், சும்மாதான் அழுகை ஆரம்பிக்கு. ஆனா அழ அழ நிசமாவே வருத்தம் வந்திருது. எங்க அப்பா ஞாபகம்லாம் வருது. அது எங்கன இருந்து வருது?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "மூளைதான் உடம்ப நடத்துதுன்னு நினைக்கோம். உடம்பு அழுதா, மூளை அதையும் பார்த்துக்கிட்டுதான் இருக்கு. மூச்சு விம்மினா, துக்கம் போலன்னு அதுவும் நினைச்சுக்கிடலாம். எவ்வளவு தூரம்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

மாத்திரை பிடிக்கும்வரை காத்திருக்க துரைப்பாண்டிக்கு மனமில்லை. மனைவியோடு ஞானபூரணத்தின் வீட்டுக்குப் போனார். அவள் உள்ளே வரச் சொன்னாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஏம்மா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மறுபடியும் சிரிப்பு பீறிட்டது. துண்டால் வாயைப் பொத்தியும் தோள் குலுங்கியது. முத்துமாரியம்மாள் பதறிப்போய் டாக்டர் சொன்னதை எல்லாம் ஒப்பித்தாள்.

ஞானபூரணம் அதைக் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். குளிர்ந்து, வியர்த்துப் போயிருந்தது.

"வாய் சிரிக்கட்டும் அண்ணாச்சி. நீங்க சிரிக்கலைன்னு எனக்குத் தெரியுது."

சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். அவருடைய சிரிப்பு ஓய வெகுநேரமானது. அதுவரை அவள் கையை விடவில்லை.

சில மாதங்களில் மாத்திரை வேலை செய்தது. சிரிப்பு நின்றது, அழுகையும் அடங்கியது. ஏலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தராசுப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

சுந்தரராஜின் வருட நினைவு நாளில் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் நின்றார்கள். ஜெபம் முடியும் நேரத்தில் துரைப்பாண்டியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. முத்துமாரியம்மாள் பயந்துபோய்க் காதோரம் குனிந்தாள்.

"காலையில மாத்திர போட்டியளா?"

"போட்டேன்" என்றார். கண்ணைத் துடைக்கவில்லை.