எஞ்சின் நின்ற இறக்கம்

மருதமுனையில் ஆதம்பாவாவின் கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிடுகுக் கொட்டில், அதன் கீழ் ஏதாவதொரு வண்டி, வண்டியின் கீழ் விரித்த சாக்கில் அவர். தேடி வருபவர்கள் முதலில் காண்பது அவருடைய இரண்டு பாதங்களைத்தான். வந்தவர் எவ்வளவு நேரம் கதைத்தாலும் உள்ளேயிருந்து “ம்” என்றுதான் பதில் வரும். பயம் பிடித்துவிட்டால் அந்த “ம்”மும் வராது.

“ஊர் வண்டிக்கெல்லாம் பிரேக் பூட்டுற மனிசன்,” என்பாள் மனைவி சபூறா. “ஒங்கட வாய்க்கு யார் பூட்டின எண்டுதான் தெரியா.”

அவர் பயந்த ஆள் என்பது ஊருக்குத் தெரியும். எதற்குப் பயம் என்பது சபூறாவுக்கு மட்டும் தெரியும். இருபது வயதில், மலைநாட்டுப் பள்ளமொன்றிலிருந்து இழுத்து வந்த லொறியைக் கழற்றும் வேலை அவருக்குக் கிடைத்தது. அதன் பிரேக் பெடல் வளைந்து போயிருந்தது. யாரோ ஒருவன் கடைசியாக மிதித்த மிதி. அதன் பிறகு அவர் மலைப் பாதைப் பக்கம் போனதேயில்லை. கல்முனைப் பக்கத்தில் மேடு என்றால் பாலங்கள்தான். அந்த உயரம் அவருக்குப் போதுமாயிருந்தது.

எண்பத்தோராம் ஆண்டு, புடவை வியாபாரி அப்துல் ஸமட் ஹாஜியார் தன் பழைய வேனைக் கொட்டிலின் முன் நிறுத்தினார். மருதமுனைத் தறியில் நெய்த கைலிச் சாரங்களை ஏற்றிக்கொண்டு மாதம் இரண்டு தடவை பதுளைக்குப் போகும் வேன். ஓட்டுவது அவருடைய மருமகன் ஜெமீல். போன பயணத்தில் பாரத்தோடு இறங்கும்போது அவன் இரண்டு காலாலும் மிதித்துத்தான் வண்டியை நிறுத்தினானாம். அதனால் ஹாஜியார் கொழும்பில் ஒரு ஜப்பான் வேனிலிருந்து கழற்றிய பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் வாங்கி, சாரமொன்றில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்.

ஆதம்பாவா, பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எத்தனையோ பூட்டியவர். பூஸ்டரைக் கையில் பிடிப்பது இதுதான் முதல் தடவை. கவிழ்த்த சட்டி போன்ற அதை மூன்று நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஓடும் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலைத் தடித்த றப்பர்க் குழாயொன்றால் இதற்குள் கொண்டு வந்தால், கால் கொடுக்கும் அழுத்தத்தை அது பல மடங்காக்கும். விளங்கியதும் பெடலுக்கு முன்னாலிருந்த தகட்டில் துளை போட்டார். பூஸ்டரிலிருந்து சிலிண்டரைத் தள்ளும் கம்பி கொஞ்சம் நீண்டாலும் பிரேக் பிடித்தது விடாது. அதனால் கம்பி நுனியில் மெழுகு ஒட்டி, பூட்டி, கழற்றி, மெழுகு நசுங்கிய அளவைப் பார்த்துப் பார்த்து அராவினார். குழாய்களில் பிரேக் எண்ணெய் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார். கடற்கரை வீதியில் ஜெமீல் ஓட்டிப் பார்த்தான். கால் பட்டதும் வேன் நின்றது.

“வெண்ணெ மாதிரி இரிக்கி காக்கா,” என்றான்.

ஹாஜியாருக்கு ஒரு வழக்கம் உண்டு. கிணறு வெட்டியவன்தான் முதல் வாளித் தண்ணீரைக் குடிக்க வேண்டும். கூரை வேய்ந்தவன் முதல் மழைக்கு அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

“சனிக்கிழம சுபஹு தொழுதிட்டு வெளிக்கிடுறம்,” என்றார். “முன் சீட்டு ஒனக்கு, ஆதம்பாவா.”

பாதங்கள் அசையவில்லை. “ம்” வரவில்லை.

சனிக்கிழமை அவர் முன் சீட்டில் இருந்தார். ஹாஜியார் பின்னால், சாரக் கட்டுகளில் சாய்ந்திருந்தார். மொனராகலை தாண்டி மலை தொடங்கியதும் ஆதம்பாவா வெளியே பார்ப்பதை விட்டு ஜெமீலின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்தது. பசறை போனது. உச்சி வந்தது. இனிப் பதுளைவரை இறக்கம்.

ஜெமீல் கியரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டு, முன் பலகையின் நடுவிலிருந்த சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது. டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

“பெற்றோல் விக்கிற விலைக்கு இறக்கத்தில ஆரு காக்கா எஞ்சின் போடுவான்?”

“நான் பழக்கின பழக்கம்,” என்றார் ஹாஜியார் பெருமையாக.

ஆதம்பாவாவின் கண் ஜெமீலின் காலிலிருந்து சாவிக்குப் போனது. கடலோரத்தில் எஞ்சினை அமத்தினால் வண்டி நின்றுவிடும். எஞ்சினை நிறுத்திக்கொண்டு ஓட்டுவார்கள் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை, அதனால் சொல்லவுமில்லை. எஞ்சின் நின்றால் உறிஞ்சல் இல்லை. பூஸ்டருக்குள் மிஞ்சியிருப்பது இரண்டு மிதிக்குக் காணும். கூடினால் மூன்று.

வளைவு. ஜெமீல் மிதித்தான். பூஸ்டரிலிருந்து உஸ்ஸென்று ஒரு மூச்சு. ஒன்று.

சொல்ல வேண்டும். கண் மறுபடி ஜெமீலின் காலுக்குப் போனது.

தேயிலை வேகமாகப் பின்னால் ஓடியது. அடுத்த வளைவு. மூச்சு சின்னதாக வந்தது. இரண்டு.

மூன்றாவதில் மூச்சே வரவில்லை.

“மாமா,” என்றான் ஜெமீல். “பெடல் இறங்குதில்ல.”

“மிதி மனே.”

“மிதிச்சிட்டுத்தான் இரிக்கன். கல்லு மாதிரி இரிக்கி.”

ஹாஜியார் கலிமாச் சொல்லத் தொடங்கினார். முன்னால் பாதை வலப்பக்கம் மடிந்தது. மடிப்பில் வெள்ளையடித்த கற்கள், கற்களுக்கு அப்பால் மரங்களின் தலைகள். ஆதம்பாவாவின் கை அவரைக் கேளாமலே போய்ச் சாவியைத் திருப்பியது. அதன் பிறகுதான் வாய் திறந்தது.

“மூணாம் கியர். போடு. கிளச்ச விடு.”

வேன் உதறியது. எஞ்சின் அலறிக்கொண்டு பிடித்தது. ஜெமீலின் காலின் கீழ் பெடல் இளகி இறங்கியது. வெள்ளைக் கல்லுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் வேன் நின்றது.

ஹாஜியார் இறங்கிப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு ஆதம்பாவாவின் கதவருகே வந்தார்.

“எஞ்சின அமத்தினா இப்பிடி ஆகும் எண்டு ஒனக்குத் தெரியுமா?”

“ஓம் ஹாஜியார்.”

“அப்ப அவன் சாவியத் திருப்பக்குள்ள நீ என்ன செஞ்ச?”

“எண்ணினன்.”

“எத?”

“மிதிய.”

ஹாஜியார் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். “இனிமே எண்ணுறதச் சத்தமா எண்ணு,” என்றார்.

இன்னும் இறக்கம் இருந்தது. ஜெமீல் ஸ்டீயரிங்கை விடாமல் வெள்ளைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆதம்பாவா இறங்கி நடந்தே போகலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் வலக்கையைச் சாவியின் மேல் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார். “ரெண்டாம் கியர்ல போ. மெல்ல மிதி. பிரேக் இரிக்கி. இன்னும் இரிக்கி.” ஒவ்வொரு வளைவிலும் சொன்னார். சபூறா கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

பதுளையில் கடை வாசலில் வேன் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“காக்கா, கைய எடுங்க. அமத்தணும்.”

எடுக்க முடியவில்லை. விரல்கள் மடிந்தபடியே இறுகிப் போயிருந்தன. ஜெமீல்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான்.